செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

நசிபாவுக்குக் கோபத்தை மறைக்கத் தெரியாது. இருபத்தேழு வருஷம் பிஷ்கெக் நகரத்தில் ட்ராலிபஸ் ஓட்டியவள். பஸ்ஸின் கூரைக் கொம்பு மேலே மின்கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும்போதெல்லாம், பனியோ மழையோ, இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி மாட்ட வேண்டும். அதற்குள் பின்னால் நிற்கும் கார்க்காரர்கள் ஹாரனை அழுத்துவார்கள். ஒருநாள் அப்படி விடாமல் அழுத்திய ஒருவனிடம் நேரே நடந்து போனாள். ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியை உருவி, ரோட்டோர வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்து பஸ்ஸை எடுத்தாள். டிப்போவில் விசாரணை நடந்தது. "சாவி மட்டுந்தானே போச்சு" என்றாளே தவிர, தப்பு என்று கடைசிவரை சொல்லவில்லை.

அவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஒரே வீடு. அப்பா அப்தில்தா சுவர்ப் பூச்சுக்காரர். தெருக்காரர்கள் ஒரு கோடையில் கூடி மிதித்துக் கொடுத்த மண்ணில் தானே கல் அறுத்துக் கட்டியது. நகரத்தின் பெரிய சதுக்கத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஆனால் தெருவுக்குள் திரும்பிவிட்டால் நகரம் பின்னால் நின்றுவிடும். இரண்டு பக்கமும் கரகாச் மரங்கள் தலை கோத்து நிற்கும். ஜூலையில் நடு மத்தியானத்திலும் தரையில் வெயில் காசு காசாகத்தான் விழும். ஒவ்வொரு மனையிலும் தனித்தனி வீடு, நீல ஜன்னல், இரும்புக் கேட், உள்ளே ஆப்ரிகாட்டோ செர்ரியோ. மரங்களின் காலடியில் வாய்க்கால். தெற்கே மலையில் உருகும் தண்ணீர் ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை அதில் வரும்.

கணவன் வேலைக்கென்று ரஷ்யா போனவன், நாலாவது வருஷம் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டான். செய்தி வந்த அன்று நசிபா அழவில்லை. அவன் அரைகுறையாகக் கட்டிவிட்டுப் போயிருந்த கோழிக்கூட்டை இடித்துத் தள்ளி, வேறு மூலையில் தானே புதிதாகக் கட்டினாள். மகளை வளர்த்து ஓஷ் நகரத்தில் கட்டிக் கொடுத்தாள். அவள் ஓட்டிய தடத்தை நிறுத்திக் கம்பிகளை இறக்கிய வருஷம் அவளும் ஓய்வு பெற்றாள். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் இவள் யாரையாவது கடித்துவைப்பாள் என்று பயந்தோ என்னவோ, தெருக்காரர்கள் தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள்.

அது சின்ன வேலை இல்லை. எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை என்று எழுதி ஒவ்வொரு கேட்டிலும் ஒட்டுவாள். யாராவது அடுத்தவர் நேரத்தில் மடையைத் திறந்தால் போய் நிற்பாள். "உங்க தக்காளிக்கு மட்டுந்தான் தாகமா?" என்பாள். அவள் வந்த பிறகு தண்ணீருக்காகத் தெருவில் சண்டை நின்றுபோயிற்று. எல்லாச் சண்டையும் அவளோடுதான் என்று ஆனதால்.

மேல்புறத்து அடுத்த வீடு குல்ஷாயிருடையது. தையல் ஆலையில் துணி வெட்டியவள், புருஷன் இறந்து தனியாக இருந்தாள். நசிபாவைவிட ஒரு வயது இளையவள், ஆனால் இரண்டு முட்டியும் தேய்ந்து, நடக்கும்போது வாத்து மாதிரி சாய்ந்து சாய்ந்து நடப்பாள். முப்பது வருஷமாக இருவரும் ஒரே அண்டாவில் ஆப்ரிகாட் ஜாம் கிளறினார்கள். நசிபா கிளறுவாள். குல்ஷாயிர் ஜாடிகளில் சீட்டு எழுதி ஒட்டுவாள். அவளுக்குக் கையெழுத்து அழகு. கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றி மேலே கொண்டுவந்து விடுவாள்.

குல்ஷாயிருக்கும் மேலே, தெருமுனையில், ஜோயாவின் வீடு. ஜோயா இறந்ததும் எங்கிருந்தோ ஒரு அண்ணன் மகன் வந்து வீட்டை ஒரு கட்டிடக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனான். மார்ச் மாதம் மனையைச் சுற்றிப் பச்சைத் தகர வேலி எழுந்தது. வேலி மனையோடு நிற்காமல் வாய்க்காலையும் மரங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டு ரோட்டு விளிம்புவரை வந்தது. இரண்டு மாடி வீடு வரும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு நசிபாவின் முறை. மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் வரவில்லை. கால்மணி நேரம் பார்த்தாள். பிறகு வாய்க்கால் ஓரமாகவே மேலே நடந்து, வேலியின் திறந்திருந்த லாரி வழியில் நுழைந்தாள். ஜோயா வீட்டு வாசலுக்கு நேராக, பத்து அடி நீளத்துக்கு, வாய்க்கால் கான்கிரீட் போட்டு நிரப்பப்பட்டிருந்தது. லாரி ஏறி இறங்க வசதியாக. மேலிருந்து வந்த தண்ணீர் அதில் முட்டித் திரும்பி, ரோட்டுப் பக்கம் வழிந்து சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. வேலிக்குக் குழி வெட்டியதில் கரகாச் வேர்கள் வெள்ளையாக அறுபட்டுக் கிடந்தன.

மேஸ்திரி மெதெர் ஓடி வந்தான். முப்பது வயது இருக்கும்.

"அக்கா, ஹெல்மெட் இல்லாம உள்ள வரக்கூடாது."

"வாய்க்காலை அடைச்சது யாரு?"

"பிளான்ல வாய்க்காலே இல்லக்கா. நான் பிளானப் பாத்துத்தான் வேலை செய்யறேன்."

"உங்க பிளான்ல மலை இருக்கா? அதையும் எடுத்துடுவீங்களா?"

"என்கிட்ட கேட்டு என்னக்கா? பன்னெண்டு மாடி வரப்போவுது. ஆபீஸ்ல போய்க் கேளுங்க. தெருக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

"எந்தத் தெருக்காரங்க?"

அவன் கையை விரித்தான்.

வட்டார அலுவலகத்துக்கு நான்கு முறை போனாள். முதல் முறை அதிகாரி கூட்டத்தில் இருந்தார். இரண்டாவது முறை விடுப்பில் இருந்தார். மூன்றாவது முறை, அறையில் உட்கார்ந்துகொண்டே, இல்லை என்று சொல்லச் சொன்னார். கதவிடுக்கில் அவர் டீ குடிப்பது தெரிந்தது. நான்காவது முறை நசிபா ரொட்டியும் தெர்மாஸும் எடுத்துப் போய் அறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. மத்தியானத்துக்குமேல் குமாஸ்தாப் பெண் ஒருத்தி அந்தக் கட்டிடத்தின் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். "சீக்கிரம் பாத்துட்டுக் குடுத்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

தெருக்காரர்களின் சம்மதப் பட்டியல். முப்பது கையெழுத்து. நான்காவதாக நசிபா அப்தில்தாயேவா. ஒன்பதாவதாக ஜோயா. சம்மதம் கேட்ட தெருக் கூட்டம் நடந்ததாகப் போட்டிருந்த தேதியில் ஜோயா மண்ணுக்குள் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

நசிபா தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, மேலே போயிருந்தது. செல்போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள்.

குல்ஷாயிர் சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"வா, உக்காரு. டீ ஊத்தறேன்."

நசிபா உட்காரவில்லை. செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது யாரு எழுத்து?"

குல்ஷாயிர் எதைப் படிப்பதானாலும் முதலில் கண்ணாடியைத் தேடுவாள். இப்போது தேடவில்லை. மாவுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"நீ எப்படியும் போட மாட்டே. அதான் நானே போட்டேன்."

"ஜோயா போட்டிருப்பாளா? அவளைப் பொதைக்கறப்போ என் பக்கத்துல நின்னு அழுதியே, அவ பேரை எழுதறப்போ உன் கை கூசலையா?"

"கம்பெனிக்காரன் முப்பது பேர் வேணும்னான். இருபத்தெட்டுதான் தேறிச்சு."

"உனக்கு என்ன குடுத்தான்?"

"குடுக்கல. தரேன்னிருக்கான். என் மனைக்குப் பதிலா மூணாவது மாடியில ரெண்டு ரூம்."

நசிபா செல்போனைக் கீழே இறக்கினாள். "அப்ப உன் வீட்டையும் குடுத்துட்டே. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? இப்ப நிக்கறியே, இதே மாதிரி வந்து நின்னு கத்தியிருப்பே." குல்ஷாயிரின் குரலும் ஏறியது. "நீ மரத்தைப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போறே. நான் இந்த முட்டிய வச்சிக்கிட்டு ஜனவரியில, பனியில, கொல்லை தாண்டிக் கக்கூசுக்குப் போறேன். நாப்பது குளிர்காலம் கணப்புக்குக் கரி அள்ளியிருக்கேன், சாம்பல் கொட்டியிருக்கேன். உன் வீட்டுக்குள்ள குழாய் இருக்கு, உங்கப்பா போட்டு வச்சிட்டுப் போனாரு. எனக்கு யாருடி போட்டா?"

"கேட்டிருந்தா நான் தோண்டிப் போட்டிருப்பேன்."

"எத்தனையத்தான் உன்கிட்ட கேக்கறது? கரி இறக்க உன்னக் கேட்டேன். கூரையில ஏற உன்னக் கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக உன்னக் கேட்டேன். நீயும் செஞ்சே, இல்லேங்கல. செஞ்சு முடிச்சுட்டுத் திட்டிட்டுப் போவே. எனக்கு யாரையும் கேக்காம ஒரு வெந்நீர்க் குழாயத் திறக்கணும். அவ்வளவுதான்."

அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் நசிபாவின் கோபம் இன்னும் ஏறியது.

"உன் வீட்டை நீ வித்துக்கோ. அது உன்னுது. என் பேரு என்னுது. அதை எடுக்க நீ யாரு?"

வீட்டுக்குப் போய் நிலவறையில் இறங்கினாள். குல்ஷாயிர் சீட்டு ஒட்டிய ஜாம் ஜாடிகள் எத்தனை இருந்தனவோ அத்தனையையும் இரண்டு நடையாகக் கொண்டுபோய், அவள் கேட்டுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையிலும் அவை அங்கேயே இருந்தன. அதற்கு மறுநாள் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நசிபா மண்வெட்டியை விட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். ட்ராலிபஸ் ஓட்டும்போது போட்ட தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். லாரி வழியாக நுழைந்து, யாரிடமும் எதுவும் கேட்காமல், கான்கிரீட்டின் விளிம்பில் முதல் குத்துக் குத்தினாள்.

மெதெர் ஓடி வந்தான். "அக்கா, வேண்டாங்கா. என் வேலை போயிடும்."

"தள்ளி நில்லு தம்பி. போலீசுக்குப் போன் பண்ணணும்னா பண்ணிக்கோ. உன் வேலை அது. என் வேலை இது."

"அரையடி கெட்டியாப் போட்டிருக்குக்கா. உங்களால உடைக்க முடியாது."

"அதையுந்தான் பாப்போம்."

உடைக்கத்தான் முடியவில்லை, முதலில். கடப்பாரை துள்ளித் துள்ளி வந்தது. தோள் விண்ணென்று தெறித்தது. பத்து நிமிஷத்தில் ஒரு கைப்பிடிச் சில்லுதான் பெயர்ந்தது. வேலைக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் நசிபாவுக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒருவரைத் திட்டினாள்: டீ குடித்த அதிகாரியை, ஜோயாவின் அண்ணன் மகனை, ரஷ்யாவில் இருப்பவனை, குல்ஷாயிரை, மறுபடியும் குல்ஷாயிரை.

கீழ்வீட்டு வீக்தர் சத்தம் கேட்டு வந்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். சிறிது நேரம் நின்று பார்த்தார்.

"நசிபா, நீ குத்தற எடம் தப்பு. ஓரத்துல மண்ணைத் தோண்டு. அடியில வெறும் மண்ணுதான். கீழே வெத்தாக்கிட்டு மேல அடிச்சா தானா ஒடியும்."

"வாயால சொல்லிட்டு நிக்காதீங்க அண்ணே."

அவர் வீட்டுக்குப் போய்ச் சம்மட்டியோடு வந்தார். பின்னாலேயே கீழ்த்தெருப் பெண்கள் நாலைந்து பேர் மண்வெட்டிகளோடு வந்தார்கள். அவர்களுடைய தக்காளியும் வாடிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் மகள் செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கான்கிரீட் நடுவில் விரிசல் விட்டு, இரண்டாகி, மூன்றாகியது. கடைசித் துண்டை ஆறு பேர் சேர்ந்து புரட்டினார்கள். தண்ணீர் முதலில் சிமெண்டுச் சாந்தும் சிகரெட் துண்டுகளுமாகக் கலங்கி வந்தது, பிறகு வேகமெடுத்து இறங்கியது. போலீஸ் ஜீப்பும் அப்போதுதான் வந்தது.

நீதிமன்றத்தில் நீதிபதி இளம்பெண். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"அடுத்தவங்க இடத்துல நுழைஞ்சு சேதம் பண்ணியிருக்கீங்க. வருத்தப்படறீங்களாம்மா?"

"வருத்தந்தான். ஒரு வாரம் தாமதமாப் போனதுக்கு."

மூன்று நாள் காவல் என்று தீர்ப்பானது. அந்த மூன்று நாளும் நசிபா சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, வீங்கிய தோளைத் தேய்த்துக்கொண்டு, கூட இருந்த இரண்டு பெண்களுக்கும் நடந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குல்ஷாயிர் வரும் இடத்தில் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது அழுகை என்று தோன்றவில்லை. கோபம் என்றே நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்தபோது, கீழ்த்தெருக்காரியின் மகள் எடுத்த படத்தை நகரத்தில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். செத்துப்போன ஜோயா சம்மதம் கொடுத்ததை, நசிபா முன்பே காட்டியிருந்த பட்டியல் படத்தை வைத்து, வீக்தர் எழுத்து மூலம் புகார் செய்திருந்தார். அலுவலகம் பட்டியலை ரத்து செய்து வேலையை நிறுத்திவைத்தது. ஒரு விசாரணை அதிகாரி நசிபாவை அழைத்தார். மேஜையில் அந்தப் பட்டியலைப் பரப்பினார்.

"இது உங்க கையெழுத்து இல்லையே?"

"இல்ல."

"யாருதுன்னு அடையாளம் தெரியுதா?"

நசிபா அந்த வாலையும் அதன் சுழியையும் பார்த்தாள். பத்து நாளாக இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். பெயரைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதே நேரம் இன்னொன்றும் புரிந்தது. அந்தப் பெயரை அவள் சொன்ன நிமிஷத்தில் கோப்பு மூடப்படும். கம்பெனி ஆட்கள் கையைக் கழுவிக்கொண்டு போவார்கள். முட்டி தேய்ந்த தையல்காரி ஒருத்தி உள்ளே போவாள். அதிகாரி டீயைக் குடித்து முடிப்பார்.

"இந்தக் காகிதத்தை ஆபீசுல கொண்டாந்து குடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

"கம்பெனிதான்."

"அப்ப அவங்களக் கேளுங்க. எனக்கு எதுக்கு அடையாளம் தெரியணும்?"

அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. அவர் மேலே கேட்கவில்லை.

செய்தி எப்படியோ குல்ஷாயிர் காதுக்குப் போயிற்று. அன்று மாலையே சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து கேட்டைத் தட்டினாள். நசிபா ஒரு சாண் அளவுக்குத் திறந்தாள்.

"நசிபா, நீ என் பேரைச் சொல்லலையாம். நான்..."

"நன்றி கின்றின்னு ஏதாவது சொன்னே, வாய ஒடைச்சிடுவேன். உனக்காகச் சொல்லாம இருந்தேன்னு நெனச்சுக்காதே. அவனுங்க தப்பிச்சிடக் கூடாதுன்னு சொல்லல."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா போ."

கேட்டைச் சாத்தினாள். குல்ஷாயிர் போகும் காலடி கேட்க வெகுநேரமாயிற்று. உள்ளே நசிபாவும் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

கட்டிடம் வராமல் போகவில்லை. கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள், ஒரு அதிகாரியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்த முறை கூட்டம் நிஜமாகவே நடந்தது. நசிபா தொண்டை கிழியப் பேசினாள். வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள். கரிப் புகையில் பிள்ளைகளுக்கு இழுப்பு வருகிறது என்றாள் ஒரு தாய். பன்னிரண்டு மாடி ஏழாகக் குறைந்தது. வாய்க்காலைத் தொடக்கூடாது, லாரிக்குப் பாலம்தான் போட வேண்டும் என்று எழுதி வாங்கினார்கள். வேர் அறுபட்ட கரகாச் மரங்களில் இரண்டு அந்தக் கோடையே காய்ந்து போயின. அவற்றை வெட்டிய அன்று நசிபா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெட்டுகிறவர்களைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அவர்கள் அன்று டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை.

குல்ஷாயிர் தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் வீட்டை ஒரே காலையில் இடித்துத் தள்ளினார்கள். இரண்டாவது வருஷம் மூன்றாம் மாடியில் அவளுக்குச் சொன்னபடி இரண்டு அறைகள் கிடைத்தன. அந்தப் பால்கனிக்கு நேர் கீழேதான் நசிபாவின் தோட்டம். குளிர்காலத்தில் இரண்டு மணிக்கெல்லாம் கட்டிடத்தின் நிழல் கொல்லையில் விழுந்து, கொடியில் போட்ட துணி பலகையாக விறைத்தது. நசிபா துணி எடுக்கும்போது தலை நிமிர மாட்டாள். மேலே ஜன்னலில் விளக்கு எரியும். கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிந்திருக்கும்.

அந்த வசந்தத்தில் தண்ணீர் விடுவதற்கு முந்தின சனிக்கிழமை, வழக்கம்போல வாய்க்கால் தூர் வாரும் நாள். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். நசிபா புதிய கட்டிடத்தையும் பட்டியலில் சேர்த்திருந்தாள். குறித்த நேரத்துக்கு அங்கிருந்து யாரும் வரவில்லை. அவள் உள்ளே போய்ச் சுவரில் இருந்த வீட்டு அழைப்புப் பொத்தான்களை வரிசையாக அழுத்தினாள். மூன்றாம் மாடிப் பொத்தானையும் விடவில்லை.

சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு?"

"வாய்க்கால்."

உள்ளே குழாயை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "இங்க அதுக்கெல்லாம் கம்பெனி ஆள் இருக்கே" என்றது குரல், சன்னமாக.

"கம்பெனி ஆள் வாய்க்காலை எப்படிப் பாத்துப்பான்னு எனக்குத் தெரியும். உன் வீடு நிக்கறது அந்தத் தண்ணி ஓரத்துல. மண்வெட்டி எடுத்துட்டு எறங்கு."

"எங்கிட்ட மண்வெட்டி இல்ல. இடிக்கறப்போ போயிடுச்சு."

"என்கிட்ட ரெண்டு இருக்கு."

முதலில் மற்ற மாடிக்காரர்கள் நாலு பேர், எந்தப் பக்கம் மண்ணைப் போடுவது என்று தெரியாமல் இறங்கி வந்தார்கள். கடைசியாக லிஃப்டிலிருந்து குல்ஷாயிர் வந்தாள். புதுச் செருப்பு போட்டிருந்தாள். வயது ஏறியிருந்தாலும் கன்னத்தில் முன்னைவிட நிறம் இருந்தது. நசிபா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து, காம்பை அவள் பக்கம் நீட்டினாள்.

இருவரும் பத்தடி இடைவெளியில் வேலை செய்தார்கள். வீக்தர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், பிறகு தன் இடத்துக்கே திரும்பிப் போனார். குல்ஷாயிர் குனிய முடியாமல், மேலாக இருந்த காய்ந்த இலைகளை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தாள். நசிபா கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு பொறுக்க முடியவில்லை.

"மேல மேல சுரண்டாதே. அடியில சேறு இருக்கு. ஆழமா வெட்டு."

குல்ஷாயிர் நிமிர்ந்து முட்டியை ஒரு தடவை தேய்த்துக்கொண்டாள்.

"இன்னும் திட்டிக்கிட்டேதான் இருக்கே நீ" என்றாள்.

"இன்னும் திட்டி முடியல" என்றாள் நசிபா.

குல்ஷாயிர் மண்வெட்டியைச் சேற்றில் இறக்கினாள்.